மரக்காணத்துப் பிள்ளைகளும் இரண்டு மலைகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இளஞ்சிறார்க்கு வகுப்பறையில் சித்திரம் கற்பிக்கும் முறைகளுள் ஒன்றைப் பற்றி, அதாவது ஆசிரியர் கரும்பலகையில் ஒவ்வொரு கோடாக இட்டுக் காட்டி, இடும் கோட்டை வாயாலும் விவரித்து, பிள்ளைகள் தத்தம் சிலேட்டிலோ தாளிலோ அதனைப் பின்தொடர்ந்து வரைந்து வருமாறு நடத்திச் செல்லும் முறையைப் பற்றி இன்று பேசுவதாக நான் இசைந்தபோது, இத்துணைச் சிறிய விஷயத்துக்கு ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு தேவையா என்று நண்பர் ஒருவர் வினவினார். மரக்காணத்துக்குப் போகிறவர், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் கருதுவதைப் பற்றிப் பேசலாம். பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசலாம். 1877–78 பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டிய ஏழை மக்களின் உழைப்பால் நீண்டு இப்பக்கம் வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயைப் பற்றியாவது பேசலாம். அவற்றையெல்லாம் விட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வட்டம் போடுவதைப் பற்றி என்ன பேசக் கிடக்கிறது என்பது அவருடைய ஆட்சேபம். அவர் சொன்ன பொருள்கள் யாவும் பெருமையுடையவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றைப் பேசுதற்கு அறிஞர் பலர் உளர். வட்டம் போடும் பிள்ளைக்காகப் பேசுவோர் அரியர்.

இவ்விஷயத்தை இவ்வூரில் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டரசின் 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைத்தது, இம்மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 வரை திறவாதிருந்த காலம் அது. தன்னார்வலர் ஒருவருக்கு 20 பிள்ளைகள் என்ற கணக்கில், மாலைப் பொழுதில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வேப்பமரத்தடியிலும் கூடிய அவ்வகுப்புகளில் வந்து அமர்ந்த மிகச் சிறியவர்கள், பள்ளிக்கூடத்தின் உட்புறத்தையே கண்டறியாதவர்கள். பென்சிலை எப்படிப் பிடிப்பதென்று ஒருவரும் காட்டித் தராதவர்கள். பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்டு அதன்படி செய்யும் பழக்கம் வாய்க்காதவர்கள். எழுத்தைக் கற்பிக்குமுன் அவர்களுடைய கையையும் கண்ணையும் செவியையும் ஒன்று கூட்டியாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, அதிகச் செலவும் பெரிய ஏற்பாடும் இன்றி உதவ வல்லதாக முன் நின்றது இந்த வழிநடத்தும் சித்திரமே. அத்திட்டத்தின் வெற்றி தோல்விகளை அளக்க நான் வரவில்லை. பிள்ளையின் கை எங்கிருந்து தொடங்குகிறது என்னும் கேள்வியை அக்காலம் நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று என்பதே நான் சொல்ல விரும்புவது.

இனி, இம்முறையைக் குறித்து வழக்கமாக எழும் ஆட்சேபத்துக்கு வருகிறேன். 'பிள்ளையின் கற்பனாசக்தியை இது கெடுத்துவிடும். இஷ்டம்போல் வரைய விடுவதன்றோ உயர்ந்த முறை?' என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சோதனையைச் சிபாரிசு செய்கிறேன். இக்கடற்கரையிலுள்ள தொடக்கப்பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பில் நுழைந்து, 'உங்கள் இஷ்டம்போல் ஓர் இயற்கைக் காட்சி வரையுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். கால் மணி நேரத்தில் தாள்கள் உங்கள் மேசைக்கு வரும். முக்கோணமாக இரண்டு மலைகள். அவற்றின் நடுவே பாதிச் சூரியன், அதைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கதிர்கள். மலையடியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. ஒரு கரையில் ஓட்டு வீடு, மறுகரையில் சாய்ந்த தென்னை. ஆகாயத்தில் இறக்கை விரித்த நான்கு பறவைகள். ஒன்றிரண்டு தாள் நீங்கலாக மற்றவை யாவும் ஒரே படம். மரக்காணத்துப் பிள்ளை எந்த மலையைக் கண்டது? மேற்கே திண்டிவனம் போகும் சாலையில் பெருமுக்கல் என்னும் ஒற்றைக் குன்று உண்டு. அதுவும் சூரியன் மறையும் திசையில் இருக்கிறது. இவ்வூரில் சூரியன் உதிப்பது வங்கக் கடலில். அதைக் குறுக்கிட ஒரு மேடுகூட இல்லை. இரண்டு மலைக்கு நடுவே கதிரவன் எழுவதை இவ்வூரில் பிறந்த எவரும் பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை.

அப்படியானால், சுயேச்சையாக வரைந்ததாக நாம் மகிழ்ந்த அப்படத்தை இப்பிள்ளைகளுக்குக் கற்பித்தது யார்? அண்ணன்மார் நோட்டுப் புத்தகமும், சுவரில் தொங்கும் காலண்டரும், கடையில் விற்கும் வண்ணந் தீட்டும் புத்தகமும், பெயர் அறியாத வேறு பல உபாத்தியாயர்களும் சேர்ந்து கற்பித்தது அது. வழிகாட்டாமல் விடப்பட்ட பிள்ளைக்கு வழிகாட்டியே இல்லை என்று எண்ணுவது நம் மயக்கம். கண் முன்னிருக்கும் வழிகாட்டி விலகிக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத வழிகாட்டி அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறான், அவ்வளவே. ஆகையால், வழி காட்டலாமா கூடாதா என்று வாதிப்பதை விட்டு, எதை நோக்கி வழி காட்டுவது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று ஆராய்வதே பிரயோஜனமுள்ளது என்பது என் அபிப்பிராயம்.

மேற்சொன்ன ஆட்சேபம் தோன்றியதற்கும் நியாயமான ஒரு வரலாறு உண்டு. அதை மறைப்பது முறையாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சித்திரம் பள்ளிகளில் புகுந்தது பெரும்பாலும் தொழிற்சாலையின் கைத்திறனுக்காக. சென்னையில் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியும் அக்காலத்துக் கைத்தொழில் நோக்கத்தோடு பிறந்ததே. நேர்கோடு, சாய்கோடு, வளைகோடு, பிறகு அவற்றின் கூட்டு என்று, கல்வியாளர் பெஸ்டலாட்ஸியின் பெயரைச் சொல்லி ஐரோப்பாவெங்கும் பரவிய அப்பியாசங்கள், அவருடைய கருணையை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டமையால் வறண்டு போயின. இதற்கு எதிராகத்தான் வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் 1897-இல் சிறுவர்க்கென ஒரு கலை வகுப்பைத் திறந்து, குழந்தைகளைத் தம் போக்கில் வளர விட வேண்டும் என்றார். அதே வியன்னாவில் பயின்று அமெரிக்கா சென்ற விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளியிட்ட நூலில், பயிற்சி ஏட்டில் அச்சிட்ட பறவைகளைப் பார்த்து எழுதப் பழகிய ஒரு குழந்தை, அதன்பின் தன் சொந்தப் பறவையைக் கைவிட்டு அச்சுப் பறவையையே வரையத் தொடங்கிவிட்டதைப் படங்களோடு காட்டினார். அந்தச் சான்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அதைக் கூர்ந்து பார்த்தால், குழந்தையைக் கெடுத்தது ஒருவர் வழி நடத்தினார் என்பதன்று. அது கண்ட எந்தப் பறவையையும் ஒவ்வாத ஒரு பறவையின் முன் அதை நிறுத்தி, அதையே மீண்டும் மீண்டும் எழுதச் செய்தார்கள் என்பதே. லோவன்ஃபெல்டின் அச்சுப் பறவையும் நம் இரண்டு மலைகளும் ஓரினம்.

நம்முடைய சம்பிரதாயம் இதில் வேறொரு பாடத்தைச் சொல்கிறது. சங்கீதம் பயிலும் பிள்ளை சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் குருவின் குரலைப் பின்தொடர்ந்தே பாடுகிறது. மனோதர்மம் அதனால் கெட்டது என்று எந்த வித்துவானும் குறைப்பட்டதில்லை. அதைவிட நெருங்கிய உதாரணம் நம் வாசலில் இருக்கிறது. '7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4-இல் நிறுத்து' என்று தாய் சொல்ல, சிறுமி நடு வரிசையில் ஏழும், அதற்கு மேலும் கீழும் ஆறும் ஐந்தும் நான்குமாக 37 புள்ளிகளை வைத்து, 'இந்தப் புள்ளியைச் சுத்தி வா, அடுத்ததை விட்டு வெளியே போ' என்ற வாய்மொழியைக் கேட்டுக்கொண்டே இழையை இழுக்கிறாள். வழிநடத்தும் சித்திரத்துக்கு இதைவிடச் செம்மையான வடிவம் உலகில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சில மார்கழிகள் கழியுமுன் அதே சிறுமி தாய் அறியாத கோலத்தைத் தானே கற்பித்துக்கொள்கிறாள். அக்கற்பனையில் எத்துணை ஒழுங்கு அடங்கியிருக்கிறது என்பதைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய துணைவியார் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கணினி அறிவியலின் இலக்கண விதிகளைக் கொண்டு 1974-இலேயே ஆராய்ந்து எழுதினார்கள். கோலத்தில் ஒரே ஒரு குறைதான் எனக்குப் புலப்படுகிறது: ஆண்பிள்ளைகளை வாசலிலிருந்து துரத்திவிட்டோம். வகுப்பறை அந்தக் குறையைத் தீர்க்கலாம்.

இம்முறை எவ்வாறு நடக்க வேண்டும் என்பதை ஒரு பாடத்தைக் கொண்டே விளக்குகிறேன். பெயர் சொல்ல வேண்டாத ஒரு பள்ளியில், இரண்டாம் வகுப்பில், உப்பளத்தை வரைவித்த ஓர் ஆசிரியையின் பாடம் அது. அவர் முதலில் சுண்ணக்கட்டியைத் தொடவே இல்லை. 'நம்ம ஊர்ல நின்னு பாத்தா வானம் எங்க முடியுது?' என்று கேட்டார். பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டினார்கள். 'அப்ப அங்க ஒரு கோடு' என்று சொல்லி, கரும்பலகையின் மேற்பகுதியில், நான்கு விரல் இடம் விட்டு, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக ஒரு கோடு போட்டார்; பிள்ளைகளும் போட்டார்கள். மலைக்கு அந்தக் கோட்டில் இடமே இல்லாமற் போயிற்று என்பதை நான் கவனித்தேன். பிறகு, 'கழித் தண்ணி முதல்ல எங்க வந்து நிக்கும்?' என்ற கேள்வி. பெரிய பாத்தி ஒன்று வந்தது. 'அங்க வெயில்ல காஞ்சு, அடுத்தது எங்க போகும்?' என்ற கேள்விக்குச் சிறிய பாத்திகள் வரிசையாக வந்தன. கடல்நீர் உப்பளத்தார் 'டிகிரி' என்று சொல்லும் போமே அளவையில் ஏறத்தாழ 3 இருப்பதும், வெயிலும் காற்றும் அதை 25-க்குக் கொண்டு சேர்த்த பின்னரே உப்பு பூக்கத் தொடங்குவதும் அப்பிள்ளைகளுக்கு எண்ணாகத் தெரியாது. ஆனால் எந்தப் பாத்தியை அடுத்து எந்தப் பாத்தி என்னும் கிரமத்தில் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. பெற்றோர் உழைக்கும் இடத்தின் ஒழுங்கு அவர்களுடைய கையில் முன்பே இருந்தது. ஆசிரியை அதை வெளியே அழைத்தார். வரப்பின் மேல் உப்புக் குவியல் ஒன்று, நீண்ட கழியின் நுனியில் பலகை வைத்து உப்பை இழுக்கும் ஆள் ஒருவர், இவ்வளவோடு ஆசிரியை நிறுத்திக்கொண்டு, கரும்பலகையை முழுதும் துடைத்துவிட்டு, 'இனிமே நீங்க' என்றார்.

துடைத்தார் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பலகையில் படம் நிற்கும் வரையில் பிள்ளையின் கண் அதை விட்டு நகராது. தன் படத்தில் உள்ள ஆள் ஆசிரியரின் ஆளைவிடக் குட்டை என்றும் தன் வரப்பு கோணல் என்றும் ஒப்பிட்டு ஒப்பிட்டு மனம் சோர்ந்துவிடும். பலகை வெறுமையான பிறகு அந்த வகுப்பில் நடந்தது மிக ரசமானது. ஒரு தாளில் மின்கம்பம் வந்தது. ஒன்றில் இறைக்கும் மோட்டாரும் அதன் குழாயும். ஒன்றில் உப்பு ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரி, அதன் இலக்கத் தகட்டுடன். கூடை சுமந்த பெண்கள் பல தாள்களில் வந்தார்கள். அவர்களுக்கு முகம் போட்டவர் சிலரே, தலையில் சும்மாடு போட்டவர் அநேகர். ஒரு சிறுமி கடைசிப் பாத்தி ஒன்றுக்கு மட்டும் ரோஜா நிற மெழுகுவண்ணம் பூசியிருந்தாள். 'தண்ணிக்கு நீலம்தானே பாப்பா?' என்று ஆசிரியை கேட்டதற்கு, 'இல்ல டீச்சர், முத்திப் போன தண்ணி செவப்பாயிடும்' என்று அவள் சொன்னாள். அது முற்றும் உண்மை. உப்பு மிக்கேறிய நீரில் மட்டும் செழிக்கும் நுண்பாசியும் நுண்ணுயிர்களும் அந்தச் செம்மையைத் தருகின்றன. பூநாரையின் இறகுக்கு நிறம் தருவதும் அத்தகைய உணவின் வழியே சேரும் அந்த வண்ணப் பொருளே. வண்ணந் தீட்டும் புத்தகத்தில் வளர்ந்த பிள்ளை நீலத்தைத்தான் பூசியிருக்கும்.

இன்னொரு பையனின் தாளை ஆசிரியை திருத்தப் போய், கையை இழுத்துக்கொண்டார். பாத்தியை மேலிருந்து பார்ப்பதுபோல் சதுரமாகப் போட்டு, அதன் நான்கு பக்கத்திலும் உள்ள உப்புக் குவியல்களை, மேலதை மேல் நோக்கியும் கீழதைக் கீழ் நோக்கியும் பக்கத்தவற்றைப் பக்கவாட்டிலுமாக மல்லாத்திப் படுக்க வைத்திருந்தான் அவன். பார்வைக்குத் தவறு என்று தோன்றும் இந்த அமைப்பைப் பிரெஞ்சு அறிஞர் லூக்கே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விரிவாக ஆராய்ந்து, இவ்வயதுக் குழந்தை தான் நின்ற ஓர் இடத்திலிருந்து கண்ணால் காண்பதை வரைவதில்லை, பொருளைப் பற்றித் தான் அறிந்ததை வரைகிறது என்று விளக்கினார். குவியல் கூம்பு என்று அவனுக்குத் தெரியும், பாத்தி சதுரம் என்று தெரியும், குவியல்கள் நான்கு கரையிலும் உண்டு என்று தெரியும். மூன்று உண்மைகளையும் ஒரே தாளில் காப்பாற்ற அதைவிட நல்ல வழி வேறில்லை. தொலைவுக்குப் போகப் போகக் கோடுகள் குவியும் என்ற விதியை ஏழு வயதில் கற்பிக்க முயல்வது வீண் பிரயத்தனம். அதைப் பத்து, பதினொரு வயதில் அவனே வந்து கேட்பான்.

உப்பளத்துக்கு அடுத்தபடியாக இப்பகுதிக்கு நான் சிபாரிசு செய்வது பறவைகள். கழுவெளி நீர்நிலை 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த விஸ்தாரத்தின் விளிம்பில் வாழும் பிள்ளைகள், '2' போட்டு வாத்து வரைவதோடு நின்றுவிடுவது பரிதாபம். அந்த '2' தவறான தொடக்கம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிலிருந்து பறவை புறப்படும் வியப்பு நல்ல வியப்பே. அதே '2'-இன் கழுத்தை நீட்டி, காலை நீட்டினால் பூநாரை வரும். அந்த இடத்தில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'அதன் கால் எந்தப் பக்கம் மடங்குகிறது?' பிள்ளைகள் எல்லோரும் தம் முழங்காலைப் போல முன்புறம் மடக்கித்தான் போட்டிருப்பார்கள். பறவையின் காலில் நாம் முழங்கால் என்று எண்ணுவது உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. ஆகையால் அது பின்புறமாக மடங்குவதுபோல் தோன்றும். இதைப் பலகையில் எழுதி மனப்பாடம் செய்விப்பதால் வராத பயன், ஒரு கோட்டை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று பென்சிலோடு ஒரு நிமிஷம் தயங்கும் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அது கொக்கின் காலைப் பார்க்காமல் போகாது.

கையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். குழந்தை மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து எழுதும், நான்கில் கூட்டல் குறியை எழுதும், ஐந்தை ஒட்டிச் சதுரமும் முக்கோணமும் கைவரும், சாய்சதுரம் ஏழை நெருங்கும்போதுதான் வரும் என்று குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தோர் பொதுவாகக் கூறுவர். அகரத்தின் சுழியும் வளைவும் குறுக்கும் நெடுக்கும் சாய்சதுரத்தைவிடக் கடினம் என்பதைத் தமிழ் எழுதத் தெரிந்த நாம் மறந்துவிட்டோம். நேர்கோடுகளாலான ட, ப முதலியவற்றை முதலில் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை உணர்ந்தவர்கள். அடையாற்றில் 1939-இல் வந்து தங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், எழுத்துக்கு முன்னே உலோகச் சட்டங்களின் விளிம்பைப் பின்பற்றிக் கோடு இழுக்கச் செய்ததும் இதற்காகவே. அதற்கும் நெடுங்காலம் முன்பே, நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் செய்தார்கள். 1797-இல் ஆண்ட்ரூ பெல் தம் எழும்பூர்ப் பள்ளி அநுபவத்தை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டபோது, மணலில் எழுதும் அவ்வழக்கமும் அங்கே சென்றது. மணலுக்குக் குறைவில்லாத இக்கரையில் தாள் இல்லை என்பது ஒரு காரணமாகாது. மணல் கோணலை மன்னிக்கும். உள்ளங்கையால் தடவினால் அடுத்த படத்துக்கு இடம் தரும்.

ரப்பரைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. இந்தப் பாடத்தின்போது அது மேசைக்குள் இருக்கட்டும். பிள்ளை ஒரு கோட்டை அழிக்கும் நேரத்தில் ஆசிரியர் இரண்டு கோடு முன்னே போய்விடுகிறார். பிறகு அப்பிள்ளை அன்றைய பாடத்தில் வந்து சேர்வதே இல்லை. கைப்பேசியில் ஓடும் சித்திரப் பாடங்களிலும் இதே குற்றம்: அவை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மேலும் அவற்றில் வருவன பனி மனிதனும் ஊசியிலை மரமும்; மே மாதத்து மரக்காணத்தில் பனி மனிதன் எத்தனை வினாடி நிற்பான் என்பதை நினைத்துப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருகிறது. கடைசிப் பிள்ளையின் பென்சில் நிற்கும் வரையில் ஆசிரியர் அடுத்த கோட்டைத் தொடக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பவர், தமக்குச் சித்திரம் வராது என்று அஞ்ச வேண்டுவதில்லை.

அந்த அச்சம் நம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே பெரிதாக இருப்பதை அறிவேன். அரசு 2012-இல் நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களுள் ஓவிய ஆசிரியர்கள் இருந்தார்களெனினும், அவர்கள் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு உரியவர்கள். ஒன்றாம் வகுப்புக்கு ஓவிய ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. வகுப்பாசிரியரே ஓவிய ஆசிரியர். நான் சொன்ன உப்பளப் பாடத்தில் ஆசிரியை போட்டவை நேர்கோடு, சதுரம், முக்கோணம், ஒரு குச்சி மனிதன்; இவற்றைப் போடத் தெரியாத ஆசிரியர் தமிழ்நாட்டில் இல்லை. சொல்லப்போனால், மிக நன்றாக வரையத் தெரிந்த ஆசிரியரிடம் எனக்குச் சற்றே பயம். அவர் கையின் லாவகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள், தம் கை அசையாது. சேவாகிராமத்தில் 1944 முதல் சித்திர ஆசிரியராக இருந்த தேவி பிரசாத், சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்ற பெரிய கலைஞர். அவர் கலையைக் கல்வியின் அடிப்படை என்றே கொண்டு நூல் எழுதியது, கலைஞர்களை உற்பத்தி செய்வதற்காக அன்று.

கலைத் திருவிழா முதலிய போட்டிகள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை தந்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்குப் படம் தெரிந்தெடுக்கும்போது போட்டியின் கண்ணோடு பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பலகைப் படத்தை அச்சாகப் பின்பற்றிய தாளே சுவருக்குப் போகும் என்று தெரிந்தால், துடைத்த பலகைக்குப் பின் வந்த மோட்டாரும் சும்மாடும் ரோஜா நிறப் பாத்தியும் அடுத்த வாரம் காணாமற்போகும். இடமிருந்தால் எல்லாத் தாளையும் ஒட்டுங்கள். இல்லையேல் வாரத்துக்குச் சிலவாக, வரிசைப்படி, ஒருவரையும் விடாமல் ஒட்டுங்கள்.

வாசிப்பும் கணக்கும் பின்தங்கியிருக்கும்போது சித்திரத்துக்கு நேரம் ஏது என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். வாரத்தில் ஒரு நாள், அரை மணிக்குக் குறைவான பொழுது போதும். அந்தப் பொழுதில் மேல், கீழ், இடம், வலம், நடு, ஓரம், பாதி, சாய்வு என்னும் சொற்கள் அத்தனையும் கையின் வழியே புகுந்துவிடுகின்றன. படம் முடிந்ததும், அதில் என்ன நடக்கிறது என்று பிள்ளையைக் கேட்டு, அது சொல்லும் ஒரு வாக்கியத்தை, அது சொன்ன பேச்சு நடையிலேயே, ஆசிரியர் படத்தின் அடியில் எழுதித் தர வேண்டும். 'முத்திப் போன தண்ணி செவப்பாயிடும்' என்பது அவ்வாறு எழுதப்பட்ட வாக்கியங்களுள் ஒன்று. எழுத்துக் கூட்டத் தெரியாத அச்சிறுமி அதை விரல் வைத்துத் தன் பக்கத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினாள். இருபது படங்களுக்கு இருபது வாக்கியங்கள்; மறுநாள் அவற்றையே வாசிப்புப் பாடமாக வைத்துக்கொள்வதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தடை சொல்லவில்லை.